மாப்பிள்ளை செட்

காரைக்குடியில் லாரி வைத்திருக்கிறவர்களிடம் போய் ஆசைத்தம்பி ஆசாரி வீடு எங்கே என்று கேட்டால், ஒருத்தரும் உடனே வழி சொல்ல மாட்டார்கள். "எஃப்.சி.யா?" என்று ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுத்தான் கையைக் காட்டுவார்கள். லாரி ரோட்டில் ஓடத் தகுதியாக இருக்கிறது என்று போக்குவரத்துத் துறை சோதித்துப் பார்த்துத் தருகிற சான்றுக்குத்தான் எஃப்.சி. என்று பேர். டயர் தேய்ந்த வண்டி, பிரேக் பிடிக்காத வண்டி, காலம் பூராவும் ஜல்லி சுமந்து இடுப்பு விட்டுப்போன வண்டி, எதுவானாலும் ஆசாரியின் பட்டறைக்குள் நுழைந்து வெளியே வந்தால் எஃப்.சி. வாங்கிவிடும் என்று ஒரு பேச்சு. பேச்சு என்ன பேச்சு, உண்மைதான்.

அவருடைய அப்பா லாரிக்கு மரத்தில் கூண்டு கட்டினவர். இரும்புக் கூண்டு வந்ததும் மகன் அதற்காக ஒன்றும் அழுதுகொண்டிருக்கவில்லை. உளியைக் கீழே போட்டுவிட்டு ஸ்பானரைத் தூக்கினார். பிரேக் வேலை கைக்குப் படிந்தது. ஒழுங்காக ரிப்பேர் பார்த்தே அந்த மனுஷன் பிழைத்திருக்கலாம். ஆனால் ஒழுங்காக ரிப்பேர் பார்க்க எந்த லாரிக்காரன் வந்தான்? "இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும் ஆசாரி" என்பதுதான் எல்லார் வாயிலும்.

முன்பெல்லாம் இந்த வித்தைக்கே அவசியம் இருக்கவில்லை. வண்டியைச் சோதிக்கிற அதிகாரியை லாரிக்காரர்கள் பிரேக் இன்ஸ்பெக்டர் என்பார்கள். அப்போது இருந்தவர் வண்டியை எட்டி நின்று பார்த்தே கையெழுத்துப் போடுகிற ஆள். அவருக்குச் சேர வேண்டியது சேர்ந்தால் சரி. அவர் மாற்றலாகிப் போய் ஒரு புது இன்ஸ்பெக்டர் வந்தார். கை அவ்வளவு சுத்தம். ஒரு டீ வாங்கிக் குடிக்க மாட்டார். தானே லாரியில் ஏறி மைதானத்தில் ஓட்டி, சடாரென்று பிரேக் அடித்து, இறங்கி வந்து மண்ணில் விழுந்த டயர் தடத்தைக் குனிந்து பார்ப்பார். எல்லாச் சக்கரமும் ஒரே மாதிரிப் பிடித்திருந்தால்தான் எஃப்.சி. அந்த நல்ல மனுஷன் வந்து சேர்ந்த பிறகுதான் ஆசைத்தம்பிக்கு இந்த யோசனையே பிறந்தது. கொடுமையைப் பாருங்கள்.

நல்ல டயர்கள், எரிகிற விளக்குகள், புது லைனிங் ஒட்டிய பிரேக் ஷூக்கள், அந்த ஷூக்கள் உள்ளே அழுத்திப் பிடித்துச் சக்கரத்தை நிறுத்துகிற, கடைந்து வைத்த டிரம்கள் என்று ஒரு வண்டிக்கு ஆகிற சாமான் முழுவதையும் பட்டறையில் தனியாகச் சேர்த்து வைத்துக்கொண்டார். அந்தப் பக்கத்தில் ஓடுகிற லாரிகள் முக்கால்வாசி ஒரே மாடல் என்பதால் யாருக்கும் பொருந்தும். சோதனைக்குப் போகிற அன்று மாட்டிவிடுவார். வண்டி எஃப்.சி. வாங்கித் திரும்பி வந்ததும் கழற்றி எடுத்துக்கொண்டு, பழைய தேய்ந்த சாமானையே போட்டு அனுப்பிவிடுவார். லாரிக்காரர்கள் அதற்கு வைத்த பேர்தான் மாப்பிள்ளை செட். பெண் பார்க்கப் போகிறவன் கூட்டாளியிடம் வாட்சும் செயினும் இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு போவானே, அந்த மாதிரி. ஊரே சிரித்தது. ஆசைத்தம்பியும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

சிரிக்காத ஒரே ஆள் அவருடைய மனைவி சொர்ணவல்லி. அவள் ரயில்வேயில் கேட் கீப்பர். அப்பா தண்டவாள வேலையில் இறந்துபோக, வாரிசாக வந்த வேலை. காரைக்குடியிலிருந்து கல்லல் போகிற பக்கம், ரோடு சரிவாக இறங்கி முடிகிற இடத்தில் அவளுடைய கேட். ஸ்டேஷன் மாஸ்டரிடமிருந்து போன் வரும். அவள் சக்கரத்தைச் சுற்றிக் கேட்டை இறக்கிப் பூட்டுவாள். பூட்டிய பிறகு, கேட் மூடியாகிவிட்டது என்பதற்கு அடையாளமாக ஒரு ரகசிய எண்ணை மாஸ்டரிடம் சொல்ல வேண்டும். அதைக் கேட்டுக்கொண்டுதான் மாஸ்டர் ரயிலை அனுப்புவார். நம்பரை முதலில் சொல்லிவிட்டு ஆற அமரக் கேட்டை மூடுகிறவர்களும் இருக்கிறார்களாம். சொர்ணவல்லி அப்படி ஒரு நாளும் செய்ததில்லை. அந்த லைனில் ஓடுகிற ரயில்களோ கொஞ்சம். அதற்குப் போய் இவ்வளவு முன்னாடியே கேட்டை அடைத்துப்போட்டு உயிரை வாங்குகிறாள் என்று டூவீலர்க்காரர்கள் அவளை வையாத நாளில்லை. வைதால் வைதுவிட்டுப் போகட்டும் என்று பச்சைக் கொடியோடு போய் நிற்பாள். பிள்ளை இல்லாத வீடு. அவளுக்கு அந்தக் கேட்தான் எல்லாம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் புருஷனைப் பிள்ளையார்பட்டிக்குக் கூட்டிப்போனாள். கோயிலுக்கு வெளியே சூடத்தைக் கொளுத்தி வைத்துவிட்டுச் சொன்னாள்: "டயர இரவல் குடுங்க, லைட்ட இரவல் குடுங்க, நான் கேக்கல. பிரேக்குல மட்டும் அந்த வேலையச் செய்யாதீக. அந்த வண்டியெல்லாம் என் கேட்டுக்குத்தேன் வரும்." ஆசைத்தம்பி எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் பண்ணினார். மனதாரத்தான் பண்ணினார். அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது அவளுக்குத் தாழம்பூ கூட வாங்கிக் கொடுத்தார்.

சத்தியம் கொஞ்ச காலம் நின்றது. பிறகு ஒரு லாரிக்காரர் வந்து, எஃப்.சி. கிடைக்காவிட்டால் குடும்பத்தோடு தெருவில் நிற்க வேண்டியதுதான் என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஒரே ஒரு தடவை என்று செய்தார். ஒரு தடவை செய்ததற்கு ஒன்றும் ஆகிவிடவில்லை; வண்டி நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் இன்னொருத்தர். அப்புறம் கேட்கிறவர் அழவேண்டிய அவசியம்கூட இல்லாமல் போயிற்று. சொர்ணவல்லி கேட்கும்போதெல்லாம் பிரேக்கைத் தொடுவதில்லை என்றே சொல்லிவந்தார். டிரைவர் பார்த்து ஓட்டினால் போதாதா, பழைய லைனிங்கிலேயே எத்தனை வண்டி ஓடவில்லை என்று தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டார். மனுஷனுக்கு நாக்கு எதற்கு இருக்கிறது, இதற்குத்தானே!

தண்டாயுதபாணி என்று ஒரு ஜல்லி வியாபாரி. அவருடைய லாரிக்கு அந்த வாரம் எஃப்.சி. எடுத்தாகியிருந்தது. ஆசைத்தம்பி வழக்கம்போல செட்டை மாட்டினார், இன்ஸ்பெக்டர் ஓட்டிப் பார்த்தார், நன்றாகப் பிடிக்கிறது என்றார், வண்டி திரும்பி வந்தது, செட்டைக் கழற்றியாயிற்று. இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு சாயங்காலம் தண்டாயுதபாணியே போன் பண்ணினார். லாரி ஒரு இடத்தில் இடித்துவிட்டது, காலையில் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து வண்டியைச் சோதிக்கப் போகிறார், அதற்குள் செட்டைப் போட்டுவிட வேண்டும், காரில் வந்து கூட்டிப்போகிறேன் என்றார். எங்கே இடித்தது, யாருக்கு என்ன ஆயிற்று என்று ஆசைத்தம்பி கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் அந்தத் தொழிலில் பாதி. இன்ஸ்பெக்டர் பார்க்க வருகிறார் என்றால் செட்டைப் போடு. அவருடைய கை அதற்குப் பழகிப்போயிருந்தது. கார் டிக்கியில் சாமானை ஏற்றிக்கொண்டு போனார்.

கிரேன் இழுத்து வந்து போட்டிருந்த லாரி, ஊருக்கு வெளியே ஒரு பொட்டலில் கிடந்தது. காவலுக்கு ஆள் இல்லை. முன்பக்கக் கண்ணாடி நொறுங்கிப்போயிருந்தது. அச்சும் சக்கரங்களும் அப்படியே இருந்தன. வெளிச்சம் போவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று மளமளவென்று வேலையில் இறங்கினார். ஷூக்களைக் கழற்றினால் லைனிங் இருந்த இடத்தில் வெறும் இரும்புதான் பல்லை இளித்தது. அடியில் படுத்திருந்தபோது அச்சுப் பக்கத்தில் ஒரு கீரைக்கட்டு சிக்கிக் கிடந்ததைப் பார்த்தார். வாழைநாரில் கட்டிய அரைக்கீரை. எங்கேயாவது சந்தைப் பக்கம் உரசியிருப்பான் போல என்று நினைத்துக்கொண்டே அதை உருவித் தூர எறிந்தார். பழைய ஷூக்களையும் டிரம்களையும் தண்டாயுதபாணி வாங்கித் தன் காரில் போட்டுக்கொண்டார். திரும்பி வரும் வழியெல்லாம் அந்த ஆள் வாயைத் திறக்கவே இல்லை.

வீட்டு வாசலில் கூட்டம். ஆசைத்தம்பி காரை விட்டு இறங்கியதும் பேச்சு அடங்கியது. பக்கத்து வீட்டுப் பெண்தான் சொன்னாள்: சொர்ணவல்லியின் கேட்டை ஒரு லாரி உடைத்துக்கொண்டு போய்விட்டது, அவளை அதிகாரிகள் விசாரிக்கக் கூட்டிப்போயிருக்கிறார்கள், அந்தப் பக்கம் நின்ற கீரைக்காரப் பொன்னழகு செத்துப்போனாள். ஆசைத்தம்பி காரைத் திரும்பிப் பார்த்தார். அது தெருமுனை தாண்டிப் போயிருந்தது.

நடந்தது இதுதான். சொர்ணவல்லி கேட்டை மூடிப் பூட்டிவிட்டு நம்பரைச் சொல்லிவிட்டாள்; ரயிலும் கிளம்பிவிட்டது. தினமும் சைக்கிளில் கீரை கொண்டுபோகிற பொன்னழகு, கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று அவளோடு வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். சரிவில் ஜல்லி லாரி வந்தது. டிரைவர் விக்னேஸ்வரன் பிரேக்கை மிதிக்கிறான், மிதிக்கிறான், வண்டி கேட்கிற வழியாக இல்லை. இந்தப் பக்கத்துக் கேட்டை உடைத்து, தண்டவாளத்தைத் தாண்டி, அந்தப் பக்கத்துக் கேட்டையும் முறித்து, பொன்னழகையும் சைக்கிளையும் அடித்துக்கொண்டு, பின்பாதி தண்டவாளத்தின் மேலேயே கிடக்க, வண்டி நின்றுபோயிற்று. சொர்ணவல்லி சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு ரயிலை நோக்கி ஓடினாள். செருப்பு எங்கே போயிற்றோ தெரியாது, ஜல்லியில் கால் கிழிய ஓடினாள். ரயில் லாரிக்குச் சற்று முன்னால் நின்றது. எஞ்சின் டிரைவர் இறங்கி வந்து அவளைக் கையெடுத்துக் கும்பிட்டாராம்.

கும்பிட்டவர் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்து லாரியைச் சோதித்தார். பிரேக் நல்ல நிலையில் இருக்கிறது, இயந்திரக் கோளாறு ஏதுமில்லை என்று எழுதினார். அவர் பொய் எழுதவில்லை. அவர் பார்த்ததைத்தான் எழுதினார். பிரேக் நன்றாக இருக்கிற லாரி மூடின கேட்டில் போய் ஏன் மோதப் போகிறது? டிரைவரும் முதலாளி சொல்லிக்கொடுத்தபடி சொல்லிவிட்டான்: கேட் திறந்துதான் இருந்தது, வண்டி உள்ளே நுழைந்ததும் அந்தம்மா தலைமேலே இறக்கிவிட்டார்கள் என்று. அப்படியானால் கேட்டை மூடாமலே நம்பரைச் சொல்லியிருக்கிறாள் என்று ஆயிற்று. சொர்ணவல்லியை சஸ்பெண்ட் செய்து, விசாரணை என்று போட்டார்கள்.

அவள் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். "நான் மூடுனேன்" என்பதைத் தவிர அவள் வாயில் வேறு பேச்சே இல்லை. ஆசைத்தம்பி சொல்லிவிடலாம் என்று தினமும் நினைப்பார். சொன்னால் ஜெயில், பட்டறைக்குப் பூட்டு, அதைவிட, இவள் முகத்தில் எப்படி விழிப்பது? உண்மை தானாக வெளியே வந்துவிடும் என்று வேண்டிக்கொண்டார். தானாக எப்படி வரும்? அதை வராமல் அடைத்துவைத்ததே அவர்தானே.

ஒரு நாள் காலையில் பொன்னழகின் மகள் துர்காதேவி வந்தாள். வாசலில் நின்று மண்ணை இரண்டு கையாலும் வாரித் தூற்றினாள். "எங்காத்தாளக் கொன்னவ நல்லாருப்பாளா? கேட்ட மூடத் துப்பில்லாதவளுக்கு அரசாங்கச் சம்பளம் ஒரு கேடா?" என்று தொண்டை கிழியக் கத்தினாள். சொர்ணவல்லி வாசல்படியில் நின்றிருந்தாள். அவளுக்கும் பொன்னழகு தினம் பார்த்துப் பேசின மனுஷி. மண் அவள் தலையிலும் சேலையிலும் விழுந்தது. ஆசைத்தம்பி உள்ளே கதவோரத்திலேயே நின்றார். அந்த மண் தன் தலையில் விழ வேண்டியது என்று அவருக்குத் தெரியும். அவள் சேலையை உதறிவிட்டு உள்ளே வந்து உலை வைத்தாள்.

அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. விசாரணை நடந்த அன்று, கூப்பிடாமலே அந்த ரயில்வே ஆபீசுக்குள் போய் நின்றார். அதிகாரிகள் இருந்தார்கள், சாட்சி சொல்ல வந்த பிரேக் இன்ஸ்பெக்டர் இருந்தார், ஓரத்தில் சொர்ணவல்லி நின்றிருந்தாள். ஆசைத்தம்பி எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மாப்பிள்ளை செட் என்றால் என்ன, எஃப்.சி. அன்றைக்கு என்ன செய்தேன், விபத்து நடந்த சாயங்காலம் பொட்டலில் போய் என்ன செய்தேன் என்று ஒன்று விடாமல் சொன்னார். சொல்லும்போது மனைவி இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. இன்ஸ்பெக்டர் வருத்தத்தோடுதான் பேசினார். எஃப்.சி. அன்றைக்குத் தானே ஓட்டிப் பார்த்ததாகவும், விபத்துக்குப் பிறகும் தானே சோதித்ததாகவும், இரண்டு தடவையும் பிரேக் குறையில்லாமல் பிடித்ததாகவும் சொன்னார். தண்டாயுதபாணிக்கு போன் போட்டுக் கேட்டார்கள். ஆசாரி என் பட்டறைக்காரர்தான், பாவம், பெண்டாட்டி வேலை போகப் போகிறதே என்று மனசு குழம்பிப்போய் என்னென்னவோ சொல்கிறார் என்றார் அவர். பழைய ஷூ எங்கே என்று கேட்டார்கள். ஆசைத்தம்பியிடம் இல்லை. பெரிய அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

"உங்க மனைவிக்காகச் சொல்றீங்க, எனக்குப் புரியுது. நானும் குடும்பஸ்தன்தான். ஆனா இப்படியெல்லாம் உங்க மேலயே பழியைப் போட்டுக்காதீங்க. வீணா உள்ள போயிருவீங்க."

பிறகு அவர் சொர்ணவல்லியைக் கேட்டார், இவர் சொல்வது உங்களுக்குத் தெரியுமா என்று. ஆமாம் சார், இவர் இப்படித்தான் செய்வார், ஊருக்கே தெரியும் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஒருவேளை அவர்கள் மேற்கொண்டு விசாரித்திருப்பார்கள். ஆசைத்தம்பி அப்போதுதான் அவளைத் திரும்பிப் பார்த்தார். சொல்லு தாயி, சொல்லு என்று உள்ளுக்குள் கதறினார்.

"நான் பாக்கல சார்" என்றாள் சொர்ணவல்லி. "பாக்காதத எப்புடிச் சொல்ல? நான் கேட்ட மூடுனேன். மூடிட்டுத்தேன் நம்பர் குடுத்தேன்."

அதிகாரிகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பெண்டாட்டியே ஒத்துக்கொள்ளவில்லை, அப்புறம் என்ன? ஆசைத்தம்பி சொன்னதை எழுதிக்கொள்ளக்கூட இல்லை. வெளியே கொண்டுவந்து விட்ட பியூன், "இவ்வளவு பாசமா இருக்கீங்களேண்ணே" என்று தோளைத் தட்டிக்கொடுத்தான். அந்தத் தட்டலுக்கு அவர் செத்தே போயிருக்கலாம்.

அன்றைக்கு ஒரே பஸ்ஸில்தான் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தார்கள். அவள் பெண்கள் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். வீட்டுக்கு வந்தும் ஒன்றும் கேட்கவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள், மறுநாளும் அதற்கடுத்த நாளும் அப்படியே. அவர் நடுவில் போலீஸ் ஸ்டேஷனுக்கும் போய்ச் சொல்லிப் பார்த்தார். ரயில்வேயிலேயே இது உண்மையில்லை என்று சொல்லிவிட்டார்களே, நீங்கள் என்ன இங்கே வந்து நிற்கிறீர்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஊரில் அவருக்கு ஒரு புதுப் பேர் வேறு கிடைத்தது. பெண்டாட்டிக்காக ஜெயிலுக்குப் போகத் துணிந்தவர் என்று டீக்கடையில் மரியாதையாக இடம் கொடுத்தார்கள். மாப்பிள்ளை செட்டைக் கேட்டு ஆள் வருவது மட்டும் நிற்கவில்லை. அவர் பட்டறையைத் திறக்காமல் படுத்துக்கிடந்தார்.

மாதம் இரண்டு போய், அவளை வேலையை விட்டு நீக்கிவிட்டதாகத் தகவல் வந்தது. சொர்ணவல்லி நீலச் சீருடையைத் துவைத்து, மடித்து, கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு வந்தாள். மறுநாள் காலையில் தன் துணிமணியை ஒரு பையில் எடுத்து வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். கண்டனூரில் அவளுடைய தம்பி வீடு. ஆசைத்தம்பி சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் பின்னாலேயே ஓடினார். என்னை அடி, வை, இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுப் போ என்று கெஞ்சினார். ரோட்டில் போகிறவர்கள் பார்த்தார்கள்.

அவள் பையைக் கீழே வைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அன்னைக்கு அங்க இருந்த அம்புட்டுப் பேரும், நீங்க எனக்காகப் பொய் சொல்றீகன்னு நெனச்சாக. நீங்க சொன்னத நம்புனது நான் ஒருத்தி மட்டுந்தேன்."

பஸ் தூரத்தில் வளைவில் திரும்புவது தெரிந்தது. கையில் ஒன்றுமே இல்லாத மனுஷனுக்குக் கடைசியாக இது ஒன்றுதான் சொல்லத் தோன்றியது.

"பொய்தேன் சொன்னேன், சொர்ணம்" என்றார். "சத்தியமா. உன்னயக் காப்பாத்தத்தேன் அப்புடி ஒரு கதையக் கட்டுனேன். நான் அந்த வண்டியத் தொடவே இல்ல."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கியது. இத்தனை நாளில் அவள் அழுது அவர் பார்த்தது அப்போதுதான்.

"இப்பச் சொல்றீக பாருங்க, இதுதேன் பொய்" என்றாள்.

பஸ் வந்து நின்றது. அவள் பையை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டாள்.